நெடுந்தீவுக் காணியைத் துப்புரவாக்கும் முன்

நெடுந்தீவின் ஒரு பகுதி 2015 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. குதிரைகள் மேயும் வெளிகள் அதில் அடங்கும். பூங்காவினுள் அனுமதியின்றி மரம் வெட்டுதல், பற்றைக்குத் தீ வைத்தல், கட்டடம் அமைத்தல் ஆகியன குற்றமாகும்.

நீங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்கள் தோட்டக்காணியிலும் பற்றை மண்டியிருக்கலாம், கல்வேலி சரிந்திருக்கலாம். பார்ப்பவருக்கு அதுவும் காடாகவே தோன்றும். ஆனால் பற்றை வளர்ந்ததால் மட்டும் ஒரு காணி பூங்காவாகிவிடாது. சட்டப்படி தேசிய பூங்கா அரச காணியிலேயே அமையலாம். அதன் எல்லைகள் வர்த்தமானியில் குறிக்கப்பட்டிருக்கும்.

ஆகவே துப்புரவாக்கும் முன், உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றுடன் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் அணுகி எல்லையை அறிந்துகொள்ளுங்கள். பதிந்த உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். சரிந்த கல்வேலியின் அடிக்கற்களை அகற்றாதீர்கள். அவையும் உங்கள் எல்லைக்குச் சான்று.