"எனக்கு அப்படித்தான் தோணுச்சு!" - உள்ளுணர்வை எப்போது நம்பலாம்?

வேலையிடத்தில் கூட்டம். எல்லாரும் எண்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் "இது சரியா வராதுன்னு தோணுது" என்கிறார்.

"ஏன்?"

"தெரியல... ஆனா தோணுது."

இரண்டு வாரத்தில் அவர் சொன்னபடியே நடக்கிறது!

அந்த ஆள் நீங்களா? அப்படியென்றால் "ஆதாரம் எங்கே?" என்ற கேள்வி உங்களுக்குப் புளித்துப்போயிருக்கும்.

அது என்ன சக்தி?

ஆங்கிலத்தில் இதை ஆறாவது புலன் என்பார்கள். தமிழில் ஆறாவது அறிவு என்றால் பகுத்தறிவு. நேர் எதிர்! ஆனால் ஆய்வுகளைப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன், நெருக்கடியில் தீயணைப்பாளர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று 1980களில் ஆராய்ந்தார். ஓர் அதிகாரி சொன்ன சம்பவம் இன்றும் பேசப்படுகிறது.

ஒரு வீட்டின் சமையலறையில் தீ. குழு தண்ணீரைப் பீய்ச்சியது. தீ அடங்கவில்லை. ஏதோ சரியில்லை என்று அதிகாரிக்குப் பட்டது. எல்லாரையும் உடனே வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியே வந்த சற்று நேரத்தில், நின்றிருந்த தரையே இடிந்து விழுந்தது. தீயின் மையம் கீழே, நிலவறையில் இருந்தது.

தமக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அந்த அதிகாரி நம்பினாராம்! கிளைன் துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. சின்ன சமையலறைத் தீக்கு அவ்வளவு சூடு இருக்காது. அவ்வளவு சூடு இருந்தால் சத்தமும் பலமாகக் கேட்கவேண்டும். அவர் அதுவரை பார்த்த எந்தத் தீயோடும் அது ஒத்துப்போகவில்லை. காரணத்தைச் சொல்லத் தெரியுமுன்பே மனம் அதைக் கவனித்துவிட்டது.

சதுரங்கத்திலும் இதே கதைதான். வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்தின் நடுவே இருக்கும் பலகையை 5 விநாடி காட்டி, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியாக வைத்தார். காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்துக் காட்டியபோது அந்தத் திறமை காணாமல் போய்விட்டது.

அப்போ எப்பவுமே நம்பலாமா?

அவசரப்படாதீங்க. உள்ளுணர்வைச் சந்தேகித்தவர் நொபெல் பரிசு பெற்ற டேனியல் கானமன். நம்பியவர் கிளைன். எதிரெதிர் அணியில் இருந்த இருவரும் 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டது: உள்ளுணர்வு தேறுவதற்கு இரண்டு வேண்டும். அந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும். நாம் நினைத்தது சரியா, தவறா என்பதும் நமக்குத் தெரியவரவேண்டும்.

தீயணைப்பு, தாதிமை, சதுரங்கம் எல்லாம் இதில் அடங்கும். எந்தப் பங்கு விலை ஏறும் என்பது அடங்காது. எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் சரி!

மேதைகளுக்கும் இந்த எல்லை உண்டு. கணித மேதை ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், நிரூபணம் கிட்டத்தட்ட இல்லை. ஹார்டி அசந்துபோனார். ஆனால் பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னவற்றில் சில தவறு என்பது பிறகு தெரிந்தது. ஒரே மனிதர், ஒரே உள்ளுணர்வு!

வேலையில் என்ன செய்யலாம்?

"தோணுது" என்று சொல்வதற்கு வெட்கப்படவேண்டாம். கூடவே கிளைன் கேட்ட கேள்வியை உங்களையே கேளுங்கள்: எதைப் பார்த்ததும் அப்படித் தோணுச்சு? பாதி நேரம் பதில் கிடைத்துவிடும். "தெரியல" என்பதைவிட "போன தடவையும் வாடிக்கையாளர் இப்படித்தான் அமைதியா இருந்தாரு" என்று சொன்னால் மேலாளர் காது கொடுத்துக் கேட்பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எந்தச் செய்தியை அதிகம் பேர் படிப்பார்கள் என்ற என் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை வந்துவிடும், தினமும் திருத்திக்கொள்ளலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணலிலும் எனக்குப் பலமாக ஏதாவது தோணும். அது சரியா என்று தெரிய ஒரு வருஷம் ஆகும். வேண்டாம் என்று சொன்னவர்களைப் பற்றித் தெரியவே தெரியாது. அதனால் அங்கே எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிறேன்.