பெயர் பெயராய் எண்ணிய கடற்கரை

தேர்தல் நடக்கும், பத்திரிகையும் வரும். ஆனால் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு மட்டும் அரசின் கைக்குள் இருக்கும். இப்படிப்பட்ட ஆட்சிகளில் தரவு இதழியலின் முதல் வேலை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணக்கைக் கண்டெடுப்பது. ஒக்கி புயலின்போது குமரி மாவட்டத்தில் அந்தக் கணக்கு கடற்கரையின் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து வந்தது.

2017 நவம்பர் 29 அன்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. மறுநாள் காலையில் புயல் உருவாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் பலர் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கைபேசி எடுக்காத தூரம். போனவர்களின் முழுப் பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை. பலர் கொச்சியிலிருந்து புறப்பட்டவர்கள்: ஊர் தமிழ்நாடு, துறைமுகம் கேரளம். தூத்தூர் வட்டாரப் பங்குகளோ திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒரே ஆள் இரு மாநிலப் பட்டியலிலும் வரலாம், ஒன்றிலும் வராமலும் போகலாம். கூட வேலைக்குப் போன வெளிமாநிலத் தொழிலாளிக்காகக் கேட்க ஊரில் ஆளே இல்லை.

ஊர்களில் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள்: பெயர், தகப்பன் பெயர், படகு, கூடப் போனவர்கள். லட்சத்தீவிலோ மகாராஷ்டிரத்திலோ கரையேறியதாகச் செய்தி வந்தால் அந்தப் பெயர் அடிக்கப்படும். அடிபடாமல் நின்ற வரிகள்தான் ஊரின் கணக்கு. அது அரசு சொன்ன எண்ணோடு ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்ததற்கு அந்த வேறுபாடும் ஒரு காரணம். காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கும். அந்தக் காலத்தைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தரவும் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பம் விடுபட்டது.

இத்தகைய பட்டியலைச் சரிபார்க்க 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் வழி தந்தது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவிலிருந்து பொதுநல விதிவிலக்கை நீக்கியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்தது. எண்ணைக் கேட்டால் கிடைக்கும்; எண்ணுக்குள் இருக்கும் பெயரைக் கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று மறுக்கலாம். இது சிறிய திருத்தம் அல்ல, கணக்கைச் சரிபார்க்கும் கதவையே அடைப்பது.

மிஞ்சுவது அலுவலகத்துக்கு வெளியே உள்ள சான்றுகள்: பங்கின் பதிவேடு, படகு உரிமையாளரின் டீசல் ரசீது, உடன் போய்த் தப்பியவரின் வாக்குமூலம். அரசு இணையதளத்தில் வந்த பட்டியலை வந்த அன்றே தேதியிட்டு இறக்கி வைத்துக்கொள்வதும் இந்த வேலையில் சேரும். அச்சில் எண் மட்டும் வந்தால் போதும். யாராவது மறுத்தால், ஊர் ஊராகக் காட்டப் பெயர்கள் செய்தியாளரின் கையில் இருக்க வேண்டும்.