சிக்னலில் நின்றால் மட்டும் கார் சூடாகிறதா? முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஊருக்குக் கிளம்பி, பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டீர்கள். ஏசி ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பத்து நிமிடத்தில் ஏசியின் குளிர்ச்சி குறைகிறது. டேஷ்போர்டில் தெர்மாமீட்டர் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. நெஞ்சு திக்கென்கிறது. நல்லவேளையாக நெரிசல் விலகி, வண்டி 60-ல் போக ஆரம்பித்ததும் விளக்கு அணைந்துவிடுகிறது. ‘அப்பாடா, சரியாயிடுச்சு’ என்று போய்க்கொண்டே இருக்கிறோம்.

உண்மையில் எதுவும் சரியாகவில்லை. ஆனால், கார் உங்களுக்கு ஒரு நல்ல துப்பு கொடுத்திருக்கிறது: ‘நின்றால் சூடாகிறது, ஓடினால் ஆறுகிறது.’ இதை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டால், தேவையில்லாத பல செலவுகளைத் தவிர்க்கலாம்.

நிற்கும்போது மட்டும் ஏன்?

பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வண்டியை ஓட்டப் பயன்படாமல் கூலன்ட் வழியாக வெப்பமாக வெளியேறுகிறது. இன்ஜினுக்குள் சுற்றிச் சூடாகும் கூலன்ட், முன்பக்கம் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து ஆறி, மறுபடி உள்ளே போகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றுவிட்டால்? காற்றை இழுத்துக்கொடுப்பது ரேடியேட்டர் ஃபேன் மட்டும்தான். அது ஓடாவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும்.

ஏசியின் கன்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. அதற்கும் இதே காற்றுதான் வேண்டும். அதனால், சிக்னலில் ஏசி குளிர்ச்சி குறைந்து, வண்டி ஓடும்போது சில்லென்று ஆகிறது என்றால், ஃபேன் மீதான சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இதற்கு நேர்மாறாக, நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போது சூடானால் கதை வேறு. ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், கூலன்ட் குறைவு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டு வாசலிலேயே ஒரு டெஸ்ட்

1. காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து ரிசர்வ் டேங்க்கைப் பாருங்கள். கூலன்ட் அளவு MIN, MAX கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

2. ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில விநாடிகளிலேயே ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். கை, துப்பட்டா, செயின் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்றும்.

3. இப்போது ஏசியை ஆஃப் செய்துவிட்டு, திறந்தவெளியில் 15-20 நிமிடம் இன்ஜினை ஐடிலில் விடுங்கள். பொதுவாக 95-100 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஃபேன் தானாக ஓடி, சூடு இறங்கியதும் நிற்க வேண்டும். சூடு அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

‘என் கார்ல டெம்பரேச்சர் முள்ளே இல்லையே, விளக்கு மட்டும்தானே இருக்கு?’ என்கிறீர்களா? ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால், கூலன்ட் எத்தனை டிகிரி என்பதை மொபைலிலேயே பார்க்கலாம்.

முடிவை எப்படிப் புரிந்துகொள்வது? ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறது, தானாக ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சார், வயரிங்கைப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். புது ஃபியூஸும் உடனே போய்விட்டால், மோட்டார் இறுகியிருக்கலாம் அல்லது வயரிங்கில் ஷார்ட் இருக்கலாம். அதற்காக அதிக ஆம்பியர் ஃபியூஸ் போடவே கூடாது, வயர் தீப்பிடிக்கும்.

ஃபேன் நல்லா ஓடுதே, அப்பவும் சூடாகுதே?

கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறு, பூச்சி, சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் ஓடினாலும் காற்று உள்ளே போக வழி வேண்டுமே! தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவலாம். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்தது வாட்டர் பம்ப். பல கார்களில் இது இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். ஐடிலில் ஏற்கெனவே மெதுவாகச் சுற்றும் பம்ப், தேய்ந்தும் போயிருந்தால் கூலன்ட் ஓட்டம் குறைந்துவிடும். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரைப் போட்டும் குளிர்ந்த காற்றே வருகிறதா? கூலன்ட் குறைவு, ஏர்லாக், பம்ப் கோளாறு என மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பது, சைலன்சரில் இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரிசர்வ் டேங்க்கில் குமிழிகள். இவை ஹெட் கேஸ்கட் போயிருப்பதற்கான அறிகுறிகள். இதில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள், டோ செய்யுங்கள்.

நடுரோட்டில் கொதித்தால்...

முதலில் ஏசியை ஆஃப் செய்து, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும்தான். ஆனால், இன்ஜின் சூட்டில் கொஞ்சம் கேபினுக்குள் வந்துவிடும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடலாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் குறைந்து, நீராவியாக முகத்தில் பீய்ச்சும். குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸ் ஆறிய பிறகே தொடுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகத்தில் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு.

வொர்க்‌ஷாப்பில் என்ன கேட்பது?

‘தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா சரியாயிடும் சார்’ என்பார்கள். ஃபேன் ஓடாததுதான் பிரச்சினை என்றால் அதனால் பயனில்லை. மாறாக, இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் மைலேஜ் குறையும். ‘ஃபேனை டைரக்ட் பண்ணிடலாம்’ என்பது வீடு போய்ச் சேர உதவும். அது ரிப்பேர் ஆகாது.

‘ரேடியேட்டரையே மாத்தணும்’ என்று சொன்னால், பில்லுக்குத் தலையாட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அண்ணே, நின்னாதான் சூடாகுது, ஓடினா ஆறிடுது. ஃபேன் எத்தனை டிகிரியில ஓடுதுன்னு பார்த்தீங்களா?’

ரிலேவோ ஃபியூஸோ சில நூறு ரூபாயோடு முடிகிற வேலை. அதைக் கவனிக்காமல் விட்டு ஹெட் கேஸ்கட் போனால் பல ஆயிரங்கள் கைவிட்டுப் போகும். அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள்.