கட்டிக்குக் காவல் நிற்கும் நம் செல்கள்

புற்றுக்கட்டிக்குள் புற்றுசெல்கள் மட்டும் இருப்பதில்லை. அதை அழிக்க வந்த டி செல்களும் இருக்கின்றன. அவற்றை அடக்கிவைக்கும் இன்னொரு வகை டி செல்களும் இருக்கின்றன. இந்த இரண்டாம் வகைக்கு டி-ரெக் என்று பெயர். நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றை எதிர்க்கும் இம்யூனோதெரபி சிகிச்சை பலருக்குப் பலன் தராமல் போவதில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு.

பிறந்து மூன்று நாளேயான எலிக்குஞ்சிலிருந்து, டி செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பியை அகற்றினால் நோயெதிர்ப்பு குன்றும் என்றுதான் தோன்றும். ஆனால், அந்த எலிகளின் டி செல்கள் சொந்த உறுப்புகளையே தாக்கின. அப்படியானால் அந்தத் தாக்குதலைத் தடுக்கும் செல் ஒன்று தைமஸிலிருந்து வரவேண்டும் என்று ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி நினைத்தார். ‘அடக்கும் செல்’ என்ற கருத்தையே பெரும்பாலோர் கைவிட்டிருந்த காலம் அது. அவர் விடவில்லை. 1995-இல் அந்தச் செல்லை, அதாவது டி-ரெக்கை, அடையாளம் காட்டினார். 2025-இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

நம்மைக் காக்கும் இந்தச் செல்லைக் கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சினைப்பைப் புற்றுநோயில் கட்டி சுரக்கும் சிசிஎல்22 என்ற புரதம் டி-ரெக் செல்களை வரவழைப்பது 2004-இல் தெரியவந்தது. வந்தவை, மற்ற டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூகின்-2ஐ உறிஞ்சிவிடுகின்றன. டி செல்களைத் தூண்டிவிடும் டென்ட்ரிடிக் செல்களின் மேலிருந்து தூண்டல் புரதங்களையும் உருவிக்கொள்கின்றன.

இவற்றை ஒழித்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். ஒருவகை ரத்தப்புற்றுக்காக ஜப்பான் 2012-இல் அனுமதித்த மொகமுலிசுமாப், சிசிஆர்4 ஏற்பியுள்ள செல்களைக் கொல்கிறது. ரத்தத்தில் ஓடும் டி-ரெக் செல்களும் அதற்குத் தப்புவதில்லை. பிறரின் ஸ்டெம்செல் பெறுவதற்குச் சற்று முன் இம்மருந்தைப் பெற்றவர்களிடம், புதிய செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஆபத்து அதிகரித்தது.

ஆகவே கட்டிக்குள் இருப்பவற்றை மட்டும் தனியே பிரித்தறிய வேண்டும். மார்பகம், நுரையீரல், பெருங்குடல் கட்டிகளில் உள்ள டி-ரெக் செல்கள்மேல் சிசிஆர்8 என்ற ஏற்பி மிகுந்திருப்பதை 2016-இல் இரு குழுக்கள் கண்டறிந்தன. ரத்தத்தில் உள்ளவற்றில் அது குறைவு. இன்றிருக்கும் வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான்.

சிசிஆர்8-ஐப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்படுகின்றன. பல சோதனைகளில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள இம்யூனோதெரபி மருந்துகளான பிடி-1 தடுப்பு மருந்துகளும் சேர்த்துத் தரப்படுகின்றன. இவற்றுள் சில ஆன்டிபாடிகளிலிருந்து ஃபூகோஸ் என்ற சர்க்கரையை நீக்கியிருக்கிறார்கள். அது இல்லாதபோது, கொல்லும் வேலையைச் செய்யும் என்.கே. செல்கள் ஆன்டிபாடியை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன.