அடுப்பில்லாமல் ஈயக் குண்டு

அமெரிக்காவில் காற்றுத் துப்பாக்கிப் பிரியர்கள் சிலர் தங்களுக்கான ஈயக் குண்டுகளை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். உருக்குவதே இல்லை. ஈயக் கம்பியில் ஒரு துண்டை நறுக்கி, எஃகு அச்சில் போட்டு, தோட்டா நிரப்பும் கைப்பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறார்கள். இரும்பு இப்படிப் பணியுமா?

பணியாது. ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். கெல்வின் கணக்கில் 600. அறை வெப்பநிலையோ சுமார் 300 கெல்வின், சரிபாதி. ஆக, ஈயத்துக்கு நம் கூடமே கொல்லன் உலை! செப்புக் கம்பியை வளைக்க வளைக்க அது இறுகும். சுத்த ஈயத்தில் நசுங்கிய படிகங்கள் அறைச் சூட்டிலேயே புதிதாக அமைந்துவிடுவதால் இறுக்கம் தங்குவதில்லை. ஆன்டிமனி கலந்தால் கதை வேறு, கை வலிக்கும்.

பிரஸ்ஸின் சாமர்த்தியம் கடைசி அங்குலத்தில். கைப்பிடி அடிவரை இறங்கும்போது இணைப்புத் தண்டுகள் ஏறக்குறைய நேர்கோட்டுக்கு வருகின்றன. தள்ளும் விசை பன்மடங்காகிறது. அச்சை நிரப்பியதுபோக மிஞ்சும் ஈயம் ஒரு சிறு துளை வழியே புழுவாகப் பிதுங்குகிறது. எடை ஒன்றுபோல அமைவது அதனால்தான்.

காற்றுத் துப்பாக்கியில் வழக்கமாகப் போடும் ‘பெல்லட்’ என்ற குண்டுக்கு இடை ஒடுங்கியிருக்கும். அகன்ற பின்பாவாடை காற்றில் இழுபட்டு அதை நேராக நிறுத்தும். இப்படி அச்சில் அழுத்திச் செய்யும் ‘ஸ்லக்’ என்ற குண்டுக்கு அந்தப் பாவாடை கிடையாது. குழலின் சுருள் வரிப்பள்ளங்கள் தரும் சுழற்சியே அதற்குத் துணை. காற்றுத்தடை குறைவு என்பதால் வேகத்தை அதிக தூரம் காக்கும்.

ஈயம் நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடவே கூடாது.