விரிந்து சுருங்கும் பட்டியல் (ஜாவாஸ்கிரிப்டு)

விரிந்து சுருங்கும் பட்டியல் என்பது, வலைப்பக்கத்தில் ஒரு தலைப்பைச் சொடுக்கியதும் அதன் உட்பிரிவுகள் கீழே விரிவதும், மீண்டும் சொடுக்கியதும் மறைவதுமான இடைமுகக் கூறு ஆகும். இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்வது அசைவூட்டம் எனப்படும். எந்தத் தலைப்பின் கீழிருந்து எவை வந்தன என்பதைக் கண் எளிதில் பின்தொடர இது உதவுகிறது.

எடுத்துக்காட்டாக, திருக்குறளின் 133 அதிகாரத் தலைப்புகளையும் கைப்பேசித் திரையில் ஒரே பட்டியலாகக் காட்டினால் வாசகர் நெடுநேரம் உருட்ட வேண்டும். முதலில் 3 பால்களை மட்டும் காட்டி, அறத்துப்பாலைச் சொடுக்கினால் 4 இயல்களும், இல்லறவியலைச் சொடுக்கினால் 20 அதிகாரங்களும் விரியுமாறு அமைத்தால் தேடல் எளிதாகும்.

உயரச் சிக்கல்

பட்டியலின் உயரம் பொதுவாக ‘ஆட்டோ’ என்ற மதிப்பில் இருக்கும். உள்ளடக்கத்திற்கு ஏற்ப உலாவியே உயரத்தைக் கணித்துக்கொள்ளும் என்பது இதன் பொருள். ஆனால் சிஎஸ்எஸ் நிலைமாற்றம் இரண்டு எண்களுக்கு இடையில்தான் இயல்பாக நடைபெறும். 0 பிக்சலிலிருந்து ‘ஆட்டோ’வுக்கு மாற்றினால் பட்டியல் சட்டெனத் தோன்றிவிடும். ஆகவே உண்மையான உயரத்தை அளந்து எண்ணாகத் தருவதே ஜாவாஸ்கிரிப்டின் முதன்மைப் பணியாகும்.

விரித்தல்

1. உட்பட்டியலை ஓர் உறை உறுப்பினுள் வைத்து, உறையின் உயரத்தை 0 எனவும் ‘ஓவர்ஃப்ளோ’ பண்பை ‘ஹிடன்’ எனவும் அமைக்க வேண்டும். உயர மாற்றத்திற்கு 300 மில்லி நொடி நிலைமாற்றம் தரலாம்.
2. தலைப்பைச் சொடுக்கியதும் உறையின் ‘ஸ்க்ரோல்ஹைட்’ மதிப்பைப் படிக்க வேண்டும். மறைந்துள்ள பகுதியையும் சேர்த்த முழு உயரம் இது. ஓர் இயலின் வரி 32 பிக்சல் எனில், 4 இயல்களுக்கு 128 கிடைக்கும்.
3. அந்த எண்ணை உறையின் உயரமாகத் தர வேண்டும்.
4. ‘டிரான்சிஷன்எண்ட்’ நிகழ்வு வந்ததும், பட்டியல் இன்னும் விரிந்த நிலையில் இருந்தால், உயரத்தை ‘ஆட்டோ’ ஆக்க வேண்டும்.

நான்காம் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். உயரம் 128 பிக்சலிலேயே நின்றுவிட்டால், பிறகு இல்லறவியலை விரிக்கும்போது அதற்குத் தேவையான 640 பிக்சலுக்கு இடமிருக்காது; அதிகாரங்கள் வெட்டுப்படும். உட்பட்டியலின் நிகழ்வு வெளிப்பட்டியலுக்கும் மேலேறி வரும் என்பதால், நிகழ்வு எந்த உறுப்பில் தோன்றியது என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

சுருக்குதல்

சுருக்கும்போது, முதலில் ‘ஆட்டோ’வை நீக்கி, அளந்த எண்ணைத் தர வேண்டும், பிறகு 0 தர வேண்டும். இவ்விரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதினால் உலாவி இறுதி மதிப்பை மட்டுமே எடுத்துக்கொள்ளும், அசைவு தெரியாது. இடையில் ‘ஆஃப்செட்ஹைட்’ மதிப்பை ஒருமுறை படித்தால், உலாவி முதல் உயரத்தைக் கணித்தே ஆக வேண்டும். அதன்பின் சுருக்கம் சீராக நிகழும்.

உறைக்கு உள்வெளி கொடுத்திருந்தால், உயரம் 0 ஆனாலும் ஒரு கீற்று எஞ்சும். உள்வெளியை உள்ளிருக்கும் பட்டியலுக்குக் கொடுப்பதே முறை.

அணுகல்தன்மை

உயரம் 0 ஆன பட்டியல் கண்ணுக்குத்தான் மறைகிறது. விசைப்பலகையில் ‘டேப்’ விசையை அழுத்துபவர், கண்ணுக்குத் தெரியாத 20 இணைப்புகளையும் கடந்தே அடுத்த தலைப்பை அடைவார். எனவே சுருங்கி முடிந்ததும் உறையின் ‘விசிபிலிட்டி’ பண்பை ‘ஹிடன்’ ஆக்கி, விரிக்கத் தொடங்கும்போது அதை நீக்க வேண்டும். தலைப்பைப் ‘பட்டன்’ உறுப்பாக அமைத்து, ‘ஏரியா-எக்ஸ்பாண்டெட்’ பண்பை நிலைக்கேற்ப மாற்றினால், திரைவாசிப்பான் பட்டியலின் நிலையை அறிவிக்கும்.

சிலருக்குத் திரை அசைவுகள் தலைச்சுற்றல் தரும். அசைவைக் குறைக்குமாறு கணினியில் அமைத்தவர்களுக்கு நிலைமாற்றத்தை நிறுத்திவிட வேண்டும். அப்போது ‘டிரான்சிஷன்எண்ட்’ நிகழ்வு வராது. அதற்காகக் காத்திராமல் இறுதி நிலையை நேரடியாக அமைக்க வேண்டும்.

பிற வழிகள்

ஜேக்குவெரி நூலகத்தின் ‘ஸ்லைடுடாகிள்’ செயற்கூறு இந்த அளவீட்டைத் தானே செய்கிறது. அசைவு தேவையில்லை எனில், எச்டிஎம்எல் மொழியின் ‘டீட்டெய்ல்ஸ்’, ‘சம்மரி’ உறுப்புகள் ஜாவாஸ்கிரிப்டு இல்லாமலேயே போதுமானவை.