இஞ்சின் ஓடுது, கரண்ட் ஏன் வரல?

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட 10 கிலோவாட் எம்இபி-803ஏ டீசல் ஜெனரேட்டரை ஏலத்தில் எடுத்தவர் ஸ்டார்ட் செய்கிறார். இஞ்சின் ஜோராக ஓடுகிறது. வோல்ட் மீட்டர் முள் மட்டும் பூஜ்ஜியத்தைவிட்டு நகரவில்லை. ஏன்?

மின்சாரம் பிறக்கக் காந்தப்புலம் வேண்டும். அந்தப் புலத்தை உண்டாக்கவோ மின்சாரம் வேண்டும்! இரும்பில் மிச்சமிருக்கும் சொற்பக் காந்தம்தான் வழக்கமாக இதைத் தொடங்கிவைக்கும். கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மங்கிவிடலாம். அதனால்தான் ஸ்டார்ட் சுவிட்சைப் பிடித்திருக்கும்போதே 24 வோல்ட் பேட்டரி, புலச் சுருளுக்கும் கொஞ்சம் மின்சாரம் ஊட்டும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

இஞ்சின் பற்றியதும் கையை எடுத்துவிட்டால் காரியம் கெட்டது. முள் எழும்வரை பிடித்திருக்க வேண்டும். அப்போதும் எழவில்லையா? பேட்டரி, துருப்பிடித்த முனைகள், சுவிட்ச் என வரிசையாகப் பாருங்கள். வோல்டேஜ் ரெகுலேட்டரைக் கழற்றுவது கடைசி வேலை.